தவணையும் தள்ளுபடியும்

இரக்கத்தைப் பற்றிய கிறிஸ்தவக் கதைகள் பெரும்பாலும் ஒரு நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. குற்றம் செய்தவன் தலைகுனிந்து நிற்கிறான், மன்னிக்க வேண்டியவர் மன்னிக்கிறார், அவன் கண்ணில் நீர், முற்றும். ஆலய ஆண்டு மலர்களிலும், கிறிஸ்மஸ் நாடகங்களிலும், பிரசங்கத்துக்கு நடுவே சொல்லப்படும் சம்பவங்களிலும் இந்த ஒரே காட்சியைத்தான் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். கண்ணீரோடு வாசல்படி தாண்டிப் போனவன் தெருவில் என்ன செய்தான் என்று எந்தக் கதையும் எனக்குச் சொன்னதில்லை. அவன் திருந்திவிட்டான் என்பது சொல்லாமலே பெறப்படும். அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். பெற்ற இரக்கம் பெற்றவனிடமிருந்து பிறர்பால் தானாக வழிந்தோடும் என்பது ஒரு நம்பிக்கை. அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. படைப்பு அனுபவத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு வெளியே அவனைப் பின்தொடர்ந்து போன இரண்டு எழுத்துக்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் வரும் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமை. மற்றது, விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட நாவல். சுத்தானந்த பாரதியாரின் தமிழில் 'ஏழைபடும் பாடு' என்று நமக்குப் பரிச்சயமானது. உவமை, அதற்கு முந்திய கேள்வியையும் சேர்த்து, பதினைந்து வசனம். நாவல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். இரண்டிலும் விஷயம் ஒன்றுதான்.

நான் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் பேரன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்றுவரவு நோட்டைப் பார்த்து வளர்ந்தவன். இந்த இரண்டையும் நான் படிக்கிற விதத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

*

உவமையை உபதேசமாக வைக்காமல் சிறுகதையாகவே படித்துப் பார்க்கலாம். அது ஒரு கணக்குப்பிள்ளையின் கேள்வியில் தொடங்குகிறது. எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்கிறார் பேதுரு. எண்ணிக்கை கேட்டவருக்கு எண்ணிக்கையிலேயே பதில் வருகிறது: ஏழெழுபது தடவை. எண்ணி முடிப்பதற்குள் எண்ணுகிறவனுக்கே அலுத்துப்போகும் ஓர் எண். அதற்குப் பிறகு கதை.

ராஜா கணக்குப் பார்க்க உட்காருகிறார். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இந்தத் தொகையை நம் காதுகள் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் அபத்தம் உறைப்பதில்லை. ஒரு தாலந்து என்பது 6,000 தினாரியம். ஒரு தினாரியம் அன்றைய கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் கடன் ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் அடைத்து முடிக்க 2,00,000 வருஷம். இன்னொரு விதமாகச் சொல்லலாம். கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து ஏரோது அந்திப்பாவுக்கு வருஷத்துக்கு 200 தாலந்து தந்தன என்று சரித்திரக்காரர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். இந்த ஊழியக்காரனின் கடன் அந்த ராஜ்யத்தின் ஐம்பது வருஷத்து வருமானம். கதை சொல்கிறவர் கிரேக்க மொழியிலிருந்த மிகப் பெரிய எண் சொல்லை எடுத்து மிகப் பெரிய நாணய அளவையோடு சேர்த்திருக்கிறார். இது அடைக்கக்கூடிய கடன் அல்ல என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

கடன்பட்டவன் ஒருவனுக்குத்தான் புரியவில்லை. அவன் காலில் விழுந்து என்ன கேட்கிறான் என்று கவனிக்க வேண்டும். மன்னிப்பைக் கேட்கவில்லை. பொறுத்துக்கொள்ளும்படி, எல்லாவற்றையும் அடைத்துவிடுவதாகக் கேட்கிறான். அதாவது, தவணை கேட்கிறான். ராஜா தவணை தரவில்லை. மனதிரங்கிக் கடனையே தள்ளிவிடுகிறார். கேட்ட பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றல்ல. கதையின் முழு விபரீதமும் இந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் கட்சி.

அவன் வெளியே போகிறான். தனக்கு நூறு தினாரியம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனைக் கண்டு தொண்டையைப் பிடிக்கிறான். அந்த ஏழையும் அதே தவணையை, ஏறக்குறைய அதே சொற்களில் கேட்கிறான். இவன் கேட்பது நடக்கக்கூடிய காரியம்: நூறு நாள் கூலி, ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. சற்று முன் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை எதிரிலிருந்து திரும்பி வருகிறது. அவன் காதில் விழவில்லை. அவனைக் காவலில் போடுவிக்கிறான்.

பிரசங்கிகள் இவனை நன்றிகெட்டவன் என்பார்கள். சொல்லிவிட்டால் பிரசங்கம் முடியும். ஆள் புரிந்துவிட மாட்டான். நன்றிகெட்டவன் என்றால் தனக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்தும் மறந்தவன். இவனுக்குத் தெரியவே இல்லை. ராஜா சொன்னது அவன் காதில் தவணையாகவே விழுந்திருக்கிறது. ஆறு கோடி இன்னும் தலைக்கு மேல் நிற்கிறது. என்றாவது ஒருநாள் அடைத்தாக வேண்டும். வரவேண்டிய நூறிலிருந்து ஆரம்பிப்போம். அவனுடைய குரூரத்துக்கு இப்படி ஒரு தர்க்கம் இருக்கிறது. அவன் அயோக்கியன் அல்ல, நாணயஸ்தன். வாங்கியதைத் திருப்பித் தருகிறவன், கொடுத்ததை வசூலிக்கிறவன். பயங்கரம் அதில்தான் இருக்கிறது. சபைகளில் கறாரான மனிதர்களாக, ஒழுங்கு தவறாதவர்களாக, யாரையும் லேசில் விட்டுவிடாதவர்களாக நான் பார்த்த பலருடைய முகங்கள் இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வருகின்றன. அவர்கள் கடவுளின் தயவை மறந்தவர்கள் அல்ல. அதைத் தவணையாக வாங்கியவர்கள்.

உவமையின் முடிவு பலருக்கு உறுத்தியிருக்கிறது. ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொல்லும் கதையில் ராஜா இரண்டாம் தடவைகூட மன்னிப்பதில்லை. கடன் முழுதையும் தீர்க்கும் மட்டும் அவனை உபாதிக்கிறவர்களிடம் ஒப்புவிக்கிறார். முரண்தான். ஆனால் கதையின் தர்க்கத்துக்குள் நின்று பார்த்தால், அவன் எதைக் கேட்டானோ அது கொடுக்கப்பட்டிருக்கிறது. அவகாசம் கேட்டான், 2,00,000 வருஷம் கிடைத்தது. கணக்கு உலகத்தை விட்டு வெளியே வர மறுத்தவன் அதற்குள்ளேயே விடப்படுகிறான்.

கோள் சொன்ன மற்ற ஊழியக்காரர்களையும் யாரும் பேசுவதில்லை. நடந்ததைப் பார்த்து அவர்கள் மிகவும் துக்கப்பட்டார்கள். துக்கப்பட்டு என்ன செய்தார்கள்? நேரே ராஜாவிடம் போனார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த நூறு தினாரியத்தைக் கட்டி ஒருவனைச் சிறையிலிருந்து மீட்டிருக்கலாமே என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கதை இதைக் குற்றமாகச் சொல்லாமல் கடந்து போகிறது. சொல்லாததால் அது வாசகனுடைய கணக்கில் ஏறுகிறது.

*

நம்முடைய மொழிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழில் நன்றிகூட ஒரு கடன். நன்றிக்கடன் என்கிறோம். கர்ணனுக்குச் செஞ்சோற்றுக்கடன். ஒருவர் உதவினால் 'கடமைப்பட்டிருக்கிறேன்' என்று எழுதுகிறோம். பெற்றதெல்லாம் பற்றுப்பக்கத்தில் ஏறிவிடுகிறது. கழிக்கும்வரை நிம்மதி கிடையாது. இதில் ஒரு பெரிய கௌரவம் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. கர்ணன் அந்தக் கௌரவத்தாலேயே நம்முடையவன். ஆனால் இந்த மொழியில் உட்கார்ந்து கொண்டு 'கடவுள் என்னை மன்னித்தார்' என்று ஒருவன் சொல்லும்போது, அந்த மன்னிப்பு கண் மூடித் திறப்பதற்குள் நன்றிக்கடனாக மாறிவிடுகிறது. கடனாக மாறிய இரக்கம் வசூலுக்குத்தான் போகும்.

கணக்கு தெரியாத இன்னொரு தமிழும் இருக்கிறது. குறளில் ஒப்புரவறிதல் மழையைக் காட்டித்தான் தொடங்குகிறது; மழைக்கு உலகம் எதையும் திருப்பித் தருவதில்லை. 'இரக்கம்' என்ற சொல்லையே பாருங்கள். இரங்குதல் என்றால் வருந்துதல், அழுதல். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் நின்று புலம்புகிற பெண்ணின் நிலையும் ராஜாவின் மனதில் நிகழ்ந்ததும் ஒரே சொல். ராஜாவுக்குச் சுவிசேஷத்தின் கிரேக்க மூலம் போட்டிருக்கும் வினைச்சொல்லும் குடலிலிருந்து பிறந்த சொல்தான். நாம் 'பெற்ற வயிறு' என்று சொல்லும்போது எந்த வயிற்றைச் சொல்கிறோமோ அந்த வயிறு. ஆக இரக்கம் மேலேயிருந்து கீழே கொடுப்பதல்ல. அதற்கு வேறு எழுத்து: இறக்கம். சின்ன ரகரத்துக்கும் பெரிய றகரத்துக்கும் உள்ள வித்தியாசம் எழுத்துப் பிழையோடு முடிவதில்லை.

*

ஹ்யூகோவுக்கு வருகிறேன். ஒரு ரொட்டியைத் திருடியதற்கு ஐந்து வருஷம், தப்பியோட முயன்றதற்குப் பதினான்கு வருஷம், ஆக 19 வருஷம் துலோன் சிறையில் இருந்துவிட்டு 1815இல் வெளியே வருகிறான் ழான் வால்ழான். கையில் அவன் சம்பாத்தியம் 109 பிராங்கு 15 சூ. எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்ட ஊரில் பிஷப் மிரியேல் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிறார். இரவில் அவன் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான், போலீஸார் பிடித்துவருகிறார்கள், தானே கொடுத்ததாகச் சொல்லி பிஷப் மெழுகுவத்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். இந்தக் காட்சி நம் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலோருக்கு நாவலே இந்தக் காட்சிதான்.

எனக்கு இந்தக் காட்சியில் ஒரு நெருடல் உண்டு. வழியனுப்பும்போது பிஷப், இந்தப் பணத்தைக் கொண்டு யோக்கியனாக வாழ்வதாக நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்கிறார். வால்ழானுக்கு அப்படி வாக்குக் கொடுத்த ஞாபகமே இல்லை. ஹ்யூகோ அதைச் சொல்லியும் விடுகிறார். அதோடு, அவனுடைய ஆத்மாவைத் தாம் விலைக்கு வாங்குவதாகவும் பிஷப் சொல்கிறார். இவ்வளவு பெரிய மனிதரின் வாயிலும் வியாபாரச் சொல்தான் வருகிறது. கேட்டவனுக்கு என்ன விளங்கியிருக்கும்? தன்னை யாரோ வாங்கிவிட்டார்கள் என்றுதான்.

அன்று மாலையே அவன் மறுபடியும் திருடுகிறான். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறான். பெத்தி ழெர்வே என்ற பத்து வயதுப் பையன் காசுகளைத் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டு வருகிறான். அவனுடைய நாற்பது சூ நாணயம், அதாவது இரண்டு பிராங்கு, உருண்டு வந்து வால்ழானின் பக்கத்தில் விழுகிறது. வால்ழான் அதன் மேல் காலை வைக்கிறான். பையன் கெஞ்சுகிறான், அழுகிறான், கால் நகரவில்லை, பையன் பயந்து ஓடிப்போகிறான். பையில் பிஷப்பின் வெள்ளி இருக்கிறது. காலடியில் குழந்தையின் இரண்டு பிராங்கு. பதினாயிரம் தாலந்தும் நூறு தினாரியமும் மறுபடியும் சந்தித்துக்கொள்கின்றன.

நாவலின் உச்சம் இதுதான். மெழுகுவத்தித் தண்டுகள் இதற்கு முன்னுரை. ஹ்யூகோவே இதை முழுதாக நம்பவில்லை. காட்சி முடிந்தவுடன், திருடியது மனிதனல்ல, பழக்கத்தால் காலை வைத்த மிருகம் என்று விளக்கம் எழுதுகிறார். விளக்கம் காட்சியைவிட பலவீனமானது. காட்சி அவரைவிட அதிகம் அறிந்திருக்கிறது. உவமை சொன்னவர் எந்த விளக்கமும் தராமல் விட்டது எவ்வளவு பெரிய கலை என்று இங்கே தெரிகிறது.

உவமை நிறுத்திய இடத்தை ஹ்யூகோ தாண்டிப் போகிறார் என்பதும் உண்மை. பையன் போன பிறகுதான் வால்ழானின் கண்ணில் நாணயம் படுகிறது. பையனின் பெயரைக் கூவிக்கொண்டு ஓடுகிறான். எதிர்ப்பட்ட பாதிரியாரிடம் ஏழைகளுக்கென்று பணத்தைக் கொடுத்து, தன்னைக் கைது செய்யும்படி கெஞ்சுகிறான். பிறகு விழுந்து அழுகிறான், 19 வருஷத்தில் முதல் தடவையாக. பிஷப்பின் வீட்டு வாசலில் அவன் அழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலையில் கொடுக்கப்பட்டது மாலையில்தான் அவனை வந்து சேர்கிறது, அதுவும் தான் கொடுக்க மறுத்த இடத்தில். கொடுத்தவரின் முகத்தில் அது அவனுக்குத் தெரியவில்லை. பறிகொடுத்தவனின் காலி நாணயத்தில் தெரிந்தது.

அதற்குப் பின் அவன் பிஷப்புக்கு எதையும் திருப்பித் தரவில்லை. ஊர் பேர் மாற்றி மேயராக ஆன காலத்தில், அந்த வழியாகப் போகிற சவோய் நாட்டுப் பையன் ஒவ்வொருவனையும் கூப்பிட்டனுப்பி, பெயர் கேட்டு, காசு கொடுத்து அனுப்புகிறான். பெத்தி ழெர்வே கடைசிவரை கிடைப்பதில்லை. சட்டம் அவனை ஆயுள் முழுதும் துரத்துவதற்கு அந்த இரண்டு பிராங்கும் ஒரு காரணம். இரக்கம் வந்த வழியே திரும்புவதில்லை, பக்கவாட்டில்தான் பாய்கிறது என்பதை இதைவிட ஸ்தூலமாக நான் எங்கும் படித்ததில்லை.

தமிழில் இந்த நாவலுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுத் தலைப்பில் உள்ள சொல்லுக்கு துர்ப்பாக்கியசாலி என்றும் பொருள், இழிந்தவன் என்றும் பொருள். இரண்டும் ஒன்றாகிவிடும் ஒரு புள்ளி உண்டு என்று ஹ்யூகோ நாவலுக்குள்ளேயே எழுதுகிறார். 'ஏழைபடும் பாடு' என்ற தலைப்பில் முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதி உதிர்ந்தது. ஏழைக்கு இரங்குவதில் நமக்குச் சிரமமில்லை. இழிந்தவன் என்று நாம் முடிவு கட்டிவிட்டவனுக்கு இரங்குவதில்தான் சோதனை. ஆனால் தமிழ் ரசிகன் வேறொரு வழியில் இதை ஈடு செய்துவிட்டான். 1950இல் கே. ராம்நாத் இயக்கிய படத்தில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதற்குப் பிறகு காலமெல்லாம் ஜாவர் சீதாராமன். மன்னித்த பிஷப்பின் பெயரோ மன்னிக்கப்பட்டவனின் பெயரோ ஒட்டவில்லை. மன்னிப்பைத் தாங்க முடியாதவனின் பெயர் ஒட்டிக்கொண்டது. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது.

ஏனென்றால் ஜாவர் உவமையின் ஊழியக்காரனுக்கு நேர் எதிர்த்துருவம். 1832 ஜூன் கலகத்தில் அவனைச் சுட்டுக் கொல்லும் வாய்ப்பு வால்ழானுக்குக் கிடைக்கிறது. வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டு அவனைப் போகவிடுகிறான். ஊழியக்காரன் கேட்கத் தவறியதை ஜாவர் துல்லியமாகக் கேட்டுவிடுகிறான்: இது தவணை அல்ல, இதைத் திருப்பித்தர வழியே இல்லை. தன் முறை வந்தபோது அவனும் வால்ழானைப் போகவிடுகிறான். பெற்றான், கொடுத்தான், ஆனால் இரண்டையும் பதிய அவனிடம் நோட்டு இல்லை. ஜூன் 7ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு, ஆற்றில் விழுவதற்கு முன், காவல் நிலையத்தில் உட்கார்ந்து மேலதிகாரிகளுக்குப் பத்துக் குறிப்புகள் எழுதுகிறான். விசாரணை முடிந்து வரும் கைதிகள் கல்தரையில் வெறுங்காலோடு நிறுத்தப்படுகிறார்கள். பலருக்கு இருமல் வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவு கூடுகிறது. நூல் அறுந்தால் நெசவு செய்யும் கைதிக்குப் பத்து சூ பிடித்தம்; இது சரியல்ல. அவனுக்குள் நுழைந்துவிட்ட இரக்கத்துக்கு வெளியே வரத் தெரிந்த ஒரே வடிவம் செலவுக் கணக்கு. ஹ்யூகோ எழுதியவற்றில் மிகவும் துயரமான பக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

தாத்தாவின் கடை தேரிக்காட்டு ஓரத்தில் இருந்தது. பனையேறிகள் பஞ்ச மாதங்களில் அரிசி, புளி கடனுக்கு வாங்கிப்போய், பதநீர் காலத்தில் கருப்பட்டியாகக் கழிப்பார்கள். ஒருவர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, மும்மணி ஆராதனை முடிந்த கையோடு, தாத்தா அவரைக் கோயில் வாசலில் நாலு பேர் நடுவில் நிறுத்தி, "ஒங்கணக்க விட்டாச்சுடே. இனி தர வேண்டாம்" என்றார். அவர் சொன்ன பதில்: "மவன் ஏறுவான் மொதலாளி. அடுத்த வருசத்துக்குள்ள அடச்சிருதேன்." அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வரவில்லை. குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போனார். தாத்தாவுக்கு அது ஆறாத மனக்குறை. நன்றியில்லாத பயல் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தாத்தா போன பிறகு நோட்டைப் பார்த்தேன். மற்றக் கணக்குகளில் கழிந்தவற்றின் மேல் குறுக்குக்கோடு இருக்கிறது. பனையேறியின் கணக்கில் கோடு இல்லை. தொகை அப்படியே நிற்கிறது. தாத்தா பொய் சொல்லவில்லை. அந்தப் பணத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. பனையேறி அந்த நோட்டைக் கண்டிருக்க வழியில்லை. கோயில் வாசலில் தாத்தாவின் குரலிலேயே அவர் அதைப் படித்திருக்க வேண்டும். அந்த வருஷங்களில் அவரை நன்றிகெட்டவராகவே நானும் நினைத்தேன். அது நான் செய்த தப்பு.

சில வருஷங்களுக்கு முன் பஸ் நிலையத்தில் அவருடைய பேரன் என்னை அடையாளம் கண்டு வந்து பேசினார். "அண்ணாச்சி, ஒங்க தாத்தா கடைக்கு நாங்க கொஞ்சம் பாக்கி தரணும்னு அப்பா சொல்லுவாவ" என்றார். மூன்று தலைமுறை. 'அதெல்லாம் அப்பவே விட்டாச்சு' என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. அது தாத்தாவின் குரலில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். டீ குடிப்போமா என்றார். குடித்தோம். இரண்டு டீக்கும் அவர் காசு கொடுத்தார். நான் தடுக்கவில்லை.